சங்கிலியைக் கட்டிய கை

ஜூன் 2

அக்காவுக்கு,

இப்படி அழைக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் அதைவிட மோசமாக இருந்தது. பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டை விட்டு இறங்கியபோது நான் பின்வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. இப்போது பேசுகிற முதல் வார்த்தையே உதவி கேட்கிற வார்த்தையாகப் போய்விட்டது.

பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

இந்த மாதம் முப்பதாம் தேதி நாங்கள் குடியிருக்கிற இந்த மெக்கானிக் ஷெட்டை இடிக்கிறார்கள். இடத்துக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். என் அண்ணன் வீட்டுக் கீழ் அறைக்குப் போகப்போகிறோம். கட்டில், தையல் மிஷின், பாத்திரம் எல்லாம் போய்விடும். பச்சைக் கார்தான் நிற்கிறது. நீங்களும் அவரும் வெறும் கூடாக வாங்கிவந்து வருஷக்கணக்கில் உயிர் கொடுத்தீர்களே, அதே கார். மறுபடியும் என்ஜினை வெளியே இறக்கி, புதுப்பித்து முடித்தார். முடித்த மறு வாரம் விழுந்துவிட்டார். கார் ஒரு பக்கம் நிற்கிறது, என்ஜின் ஒரு பக்கம் கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது.

அண்ணனைக் கேட்டேன். "ஓடுற வண்டின்னா வாசல்ல நிக்கட்டும். ஓடாததுன்னா அது வண்டி இல்ல, இரும்பு. என் வீட்டு வாசல்ல இரும்பு வேணாம்" என்று சொல்லிவிட்டான். முப்பதாம் தேதிக்குள் என்ஜின் உள்ளே போகாவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து வெட்டி எடுத்துப் போவார். இதைக் கேட்ட நாளிலிருந்து அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. விழவும் இல்லை, வற்றவும் இல்லை.

பக்கத்துக் கடை வெல்டர் உதவிக்கு வருகிறார். அவர் என்ஜின் தூக்கினவர் இல்லை. "இழுக்கச் சொன்னா இழுக்கறேம்மா. எங்க மாட்டறதுன்னு என்னைக் கேக்காத" என்கிறார். நீங்கள் அந்தக் காலத்தில் அவரோடு எத்தனை என்ஜின் ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். எப்படி என்று எழுதுங்கள். எனக்காக வேண்டாம், வண்டிக்காக எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் யார் என்று நினைக்கிறீர்களோ அவள்தான்.


ஜூன் 6

சீட் தைக்கிறவளுக்கு,

அடித்துவிட்டேன். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன். இன்னொரு தடவை அக்கா என்று எழுதினால் அதையும் அடிப்பேன்.

உன் கடிதம் வந்தபோது பம்பு ரிப்பேர்க் கடையில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். கை கழுவாமலே படித்தேன். வரிக்கு ஒரு 'அவர்' எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷம் நான் 'அவர்' என்று சொன்ன ஆளை நீ எடுத்துக்கொண்டாய், சரி. அந்தச் சொல்லையாவது விட்டுவைத்திருக்கலாம்.

முதலில் ஒன்று சொல். எழுதச் சொன்னது நீயா, அவரா? வாய் போனால் என்ன, அவருக்குப் புருவத்தால் பேசத் தெரியும். இடது புருவம் ஏறினால் ஆமாம். ஏறாவிட்டால் வேண்டாம். வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிற ஆள் அவர், என்னோடு பாதி நாள் அப்படித்தான் பேசினார். உனக்குத் தெரியுமா அது?

என்ஜின் தூக்குவது சீட் தைப்பது இல்லை. தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். முந்நூறு கிலோ இரும்பு கால் மேல் விழுந்தால் காலைப் பிரித்துத் தைக்க முடியாது. உனக்கு இருப்பது ஊசி பிடிக்கிற விரல். அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கப் பார்க்கிறாய்?

அந்தக் காருக்கு சீட் தைக்க உன்னைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். "நல்லா தைக்குதாம் அந்தப் பொண்ணு, வரச் சொல்லுங்க" என்று இந்த வாயால்தான் சொன்னேன். நாலு சீட்டுக்கு நாலு மாதம் தைத்தாய். எந்த ஊரில் ஒரு சீட்டுக்கு ஒரு மாதம் ஆகும்? நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் உன் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அது அவர் உட்கார்ந்திருக்கிற டிரைவர் சீட்டுப் பக்கத்திலேயே நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எழுத மாட்டேன். வெட்டினால் வெட்டட்டும். அந்த வண்டியில் பாதி என் கை. என் பாதியும் சேர்ந்து போகட்டும்.

கேட்கிறேன் என்பதற்காக எழுதுவேன் என்று நினைத்துவிடாதே. கியர்பாக்ஸ் என்ஜினோடு கோத்திருக்கிறதா, தனியாகக் கிடக்கிறதா? முன்னால் இருந்த ரேடியேட்டரைக் கழற்றிவிட்டாரா? என்ஜின் உட்காருகிற ரப்பர் புதிதா? பாரம் தூக்க உத்தரத்தில் தொங்குவது அந்தப் பழைய செயின் பிளாக்தானா, வேறு வாங்கினாரா?


ஜூன் 9

உங்களுக்கு,

அக்கா என்று எழுதவில்லை. உங்கள் மையை மிச்சப்படுத்துகிறேன்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். அவருக்குத் தெரியாது.

புருவ விஷயம் எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்த அன்று கட்டில் பக்கத்தில் போய் நின்று, "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்த்தேன். இடது புருவம் ஏறியது. நாலு மாதமாக நான் இதே கேள்வியைக் கேட்டு, பதில் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கு முடியவில்லை, வேறொரு நாள் சொல்கிறேன்.

நாலு சீட்டுக்கு நாலு மாதம் ஆனது உண்மை. அதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நாலு மாதமும் சீட்டில் உட்கார்ந்து நான் என்ன பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இரண்டு பேரும் குனிந்திருப்பீர்கள். "பதினாலு" என்பார். நீங்கள் ஸ்பானரை நீட்டுவீர்கள். பாதி நேரம் நம்பர்கூடச் சொல்ல மாட்டார். திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார், வேண்டியது கையில் வந்து உட்காரும். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அப்படிக் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் என் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். கோபம் இல்லை, வெறும் சிரிப்புத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையை நீட்டவே இல்லை. எழுந்து போய் அவரே எடுத்துக்கொள்வார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கியர்பாக்ஸ் கோத்திருக்கிறது. ரேடியேட்டர் சுவரில் சாய்ந்திருக்கிறது. ரப்பர் புதிது. செயின் பிளாக் அதே பழையதுதான்.

நாற்காலியில் வைத்து ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனால் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதுவும் சொல்வதில்லை. உங்களைப் பற்றியும் எதுவும் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வெல்டருக்கு அன்று கடை இல்லை. அன்று தூக்குகிறோம். நீங்கள் எழுதினால் எழுதினபடி தூக்குவோம், எழுதாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தபடி.

இப்படிக்கு,
சீட் தைக்கிறவள்.


ஜூன் 13

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ நலமா? நீ கேட்டது நியாயமான உதவி. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நிதானமாகப் படித்துக்கொள்.

முதலில் பானெட்டைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பேர் பிடித்தால்தான் வரும். முன் தகடுகளின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடு. காரைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, என்ஜினை உத்தரத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து வை. செயின் பிளாக்கின் சங்கிலி நேராகத் தொங்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பாரம் ஊஞ்சல் ஆடும்.

என்ஜின் தலையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இரும்புக் காதுகள் இருக்கும். தூக்குவதற்காகவே வைத்தவை. கொக்கியை அவற்றில்தான் மாட்ட வேண்டும். குழாயிலோ பம்பிலோ மாட்டினால் ஒடிந்து கையோடு வரும். காதைப் பிடித்திருக்கிற போல்ட் முழுதாக உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். கயிறு வேண்டாம், சங்கிலி மட்டும். முன்பக்கம் சங்கிலி குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருக்கட்டும். அப்போது கியர்பாக்ஸ் இருக்கிற வால் தாழ்ந்து மூக்கு மேலே நிற்கும். காருக்குள் வால்தான் முதலில் நுழைய வேண்டும்.

ஒரு சாண் தூக்கி நிறுத்து. சங்கிலி, போல்ட், உத்தரம் மூன்றையும் பார். சரியாக இருந்தால் மேலே ஏற்று. காரின் முன்பக்கத்தைத் தாண்டுகிற உயரம் வந்ததும் காரை அடியில் தள்ளி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. பாரத்துக்கு அடியில் தலை, கை, கால் எதுவும் போகக் கூடாது. போல்ட் போகிற துவாரம் நேருக்கு நேர் வராவிட்டால் விரலை விட்டுப் பார்க்காதே. கம்பியை விட்டு நெம்பு. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி வை. என்ஜின் ரப்பரில் முழுதாக உட்கார்ந்த பிறகு ஸ்பானரால் இறுக்கு. அதுவரை கொக்கியை எடுக்காதே.

இவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை. அவரை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புள்ள,
அக்கா.


ஜூன் 17

அக்காவுக்கு,

நீங்களே போட்டுக்கொண்டதால் நானும் எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்தது. வெல்டருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "இந்தம்மா எழுதினதப் பாத்தா நானே மெக்கானிக் ஆயிடலாம் போலருக்கே" என்றார். இரும்புக் காதுகளைக் கண்டுபிடித்துவிட்டோம். போல்ட்டுகளையும் பார்த்துவிட்டோம்.

போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். அவர் எதுவும் சொல்வதில்லை என்று எழுதினேன். சொல்கிறார். என்ஜினுக்கு முன்னால் உட்கார வைத்தால் மட்டும் சொல்கிறார். குழறிக் குழறி வருகிறது, ஆனால் புரிகிறது. "மூக்கத் தூக்கு." "மெல்ல." "போதும், விடு." எதிரே யாரோ நிற்கிற மாதிரி சொல்கிறார். நான் போய் எதிரே நின்று பார்த்தேன். என் தோளுக்கு மேலே பார்த்துச் சொல்கிறார். யாரிடம் என்று நான் எழுத வேண்டியதில்லை. உங்களுக்கு இதை எழுதாமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இது ஒன்றாவது எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாததாக இருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கப்போகிறேன். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இடது கை என்ஜினுக்கு எட்டும். கையை அதன் மேல் வைத்துக்கொண்டு அவரே எங்களுக்கு வழி சொல்லட்டும். அவருக்கு அது தெம்பாக இருக்கும்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருந்தால் சனிக்கிழமைத் தபாலுக்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கை.


ஜூன் 21, தந்தி

தூக்க வேண்டாம். செயின் பிளாக் பிடிக்காது. அவரைப் பக்கத்தில் உட்கார வைக்காதே. கடிதம் வருகிறது.


ஜூன் 21

தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உனக்கு எப்போது வந்து சேரும் என்று தெரியவில்லை.

நான் எழுதினதில் பொய் இல்லை. ஒன்றை எழுதாமல் விட்டேன்.

செயின் பிளாக்கை இழுக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். உள்ளே ஒரு பல்சக்கரம் இருக்கிறது. பாரம் கீழே நழுவாமல் இரும்பு நாக்கு ஒன்று பல்லுக்குப் பல் விழுந்து பிடித்துக்கொள்ளும். அதன் சத்தம்தான் அது. அந்த நாக்கைத் தள்ளுகிற ஸ்பிரிங் செத்துவிட்டது. பத்து தடவைக்கு ஒரு தடவை நாக்கு விழாது. நீ சங்கிலியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பாய், பாரம் இறங்கிவிடும்.

அந்த ஷெட்டுக்கு நான் போன இரண்டாம் வருஷமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் இழுத்து நிறுத்தும்போதெல்லாம், கையால் இழுக்கிற அந்தச் சங்கிலியைத் தூணில் இருக்கிற கொக்கியில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டிவிடுவேன். கட்டிவிட்டால் நாக்கு விழாவிட்டாலும் சக்கரம் திரும்பாது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கட்டுவேன். பத்து வருஷம் கட்டினேன். ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் புது ஸ்பிரிங் போட்டிருப்பார். போட்டுவிட்டால் சங்கிலி கட்டுகிறவள் எதற்கு? நீ வருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பயம் இருந்தது. நான் இல்லாமல் அந்த ஷெட்டில் ஓர் என்ஜினும் ஏறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதற்காகப் பழுதான ஒன்றின் கீழே அவர் தலையை விட்டு வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நான் கட்டியிருக்கிறேனே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கட்ட மறந்திருந்தால்?

வீட்டை விட்டு வந்த பிறகு ஒரு நாள் அது விழும், அப்போது என் அருமை தெரியும் என்று காத்திருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். ஆறு வருஷம் ஒன்றும் விழவில்லை. எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உன் மேல் என்ஜின் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உன்னால் முடியக் கூடாது என்று நினைத்தேன். ஒரு சாண் தூக்கும்போதே நழுவி, நீங்கள் பயந்துபோய் விட்டுவிட வேண்டும் என்று. அவரைப் பாரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன் என்று எழுதினாய். அந்தக் கடிதம் எனக்கு நேற்றே வந்துவிட்டது. நேற்றே வந்தது. இன்று சாயங்காலம்தான் தந்தி ஆபீசுக்கு வந்தேன். நடுவில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றி முடித்தேன்.


ஜூன் 23

உங்களுக்கு,

தந்தி இன்று காலை வந்தது. எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை தந்தி கொண்டுவருவதில்லை. கடிதம் மத்தியானத் தபாலில் வந்தது. நேற்றே தூக்கிவிட்டோம்.

யாருக்கும் அடி இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்களைக் காக்க வைக்கலாம் என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன்.

இடுப்பு உயரம் வந்ததும் வெல்டர் சங்கிலியை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார். கிறீச் என்று ஒரு சத்தம். முழு என்ஜினும் இறங்கியது. நாலு விரல் அளவுதான் இறங்கியது. அதற்கு மேல் இறங்க நான் இடம் விடவில்லை. தூக்கத் தூக்க அடியில் மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வந்தேன். கையால் தள்ளவில்லை, நீளக் குச்சியால் தள்ளினேன். துணியைத் தைப்பதற்கு முன்னால் நூலோட்டம் போடாமல் நான் மிஷினில் வைத்ததில்லை. அடியில் ஆயில் நிற்கிற சம்ப் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. அவ்வளவுதான் சேதம். அதோடு நிறுத்திவிட்டோம், என்ஜின் இன்னும் வெளியே கட்டை மேல்தான் நிற்கிறது. அவரைப் பக்கத்தில் உட்கார வைக்கவும் இல்லை. வாசலில், பத்தடி தள்ளி, கதவோடு சேர்த்து வைத்தேன். கோபத்தில் இடது கையால் நாற்காலியைக் குத்தினார். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று பதிமூன்றாம் தேதிக் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. அதில் ஒரு திட்டுகூட இல்லை. 'அன்புள்ள தங்கைக்கு' என்று இருந்தது. நீங்களாவது, என்னைத் தங்கை என்பதாவது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் மறைத்திருப்பேன். எதை மறைத்தீர்கள் என்றுதான் தெரியவில்லை. அவரைப் பாரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன் என்று எழுதினால் உங்களுக்குத் தாங்காது, வாயைத் திறந்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். சனிக்கிழமை தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். சரி, அப்படி ஒன்றும் இல்லை போல, நாம்தான் சந்தேகக்காரி என்று நினைத்தேன். கட்டையை மட்டும் விடவில்லை.

நீங்கள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். அப்புறம், அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்று தோன்றியது. திரும்ப எடுத்து மடித்து வைத்தேன்.

இப்போது நான் எழுதப்போவது உங்களுக்கு இனிக்குமா கசக்குமா என்று தெரியவில்லை.

என்ஜின் இறங்கின சத்தத்தில் வெல்டர் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. வாசலில் இருந்து அவர் பேசினார். நாலு மாதத்தில் முதல் முழு வாக்கியம். "கட்டலையா? அவ கட்டுவாளே." சொல்லிவிட்டுத் தூணைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. அவருக்குத் தெரியும், அக்கா. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினது அவருக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு என்ஜின் தூக்கும்போதெல்லாம் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். "ஆபத்து, நீ தள்ளி இரு" என்பார். என் மேல் இருக்கிற அக்கறை என்று பூரித்துப்போய் வாசலில் நிற்பேன். இன்று போய்த் தூண் கொக்கியைப் பார்த்தேன். சுற்றிலும் துரு. சங்கிலி சுற்றுகிற இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஆறு வருஷம் கை படாத கொக்கி அப்படி இருக்காது. அவரே கட்டியிருக்கிறார். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றவில்லை.

நீங்கள் மறைத்ததை நான் பொறுத்துக்கொள்வேன். அவர் உங்களோடு சேர்ந்து மறைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி பத்து வருஷம் இருந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாத மாதிரி அவர் எதையும் வைத்துக்கொண்டதில்லை, என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று நம்பியிருந்தேன். அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதிக்கு ஒரு வாரம் இருக்கிறது. கொக்கி எங்கே என்று இப்போது எனக்கும் தெரியும், நானே கட்டிவிடுவேன். ஆனால் செத்துப்போன ஸ்பிரிங்கைக் கட்டிவைத்துப் பிழைக்க நான் தயாரில்லை. அது எங்கே கிடைக்கும், எப்படிப் போடுவது என்று உங்களுக்குத்தான் தெரியும். வாருங்கள். எனக்கு நீங்கள் வருவதில் இஷ்டம் இல்லை. வாருங்கள்.


ஜூன் 25

சீட் தைக்கிறவளுக்கு,

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். புது ஸ்பிரிங்கும் நாக்கும் கொண்டுவருகிறேன். எங்கள் கடை முதலாளி மூன்று கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிக் கொடுத்தார். நான் வரும்வரை சங்கிலியைத் தொடாதே. வெல்டரை நெற்றியை வீட்டிலேயே துடைத்துவிட்டு வரச் சொல். எனக்காக எதுவும் சமைக்காதே. உன் கையால் சாப்பிடுகிற அளவுக்கு நான் இன்னும் இறங்கி வரவில்லை.

கட்டை அடுக்கினது நல்ல வேலை. எனக்குத் தோன்றியிருக்காது. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அவருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. உன்னைவிட எனக்கு ஒன்று அதிகமாகக் கிடைத்துவிட்டது என்ற சிரிப்பு. அப்புறம் அது நின்றுபோயிற்று. தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? நான் கட்டுவேன் என்று என் கையை நம்பி விட்டாரா? இல்லை, இவள்தான் இருக்கிறாளே என்று அசட்டையாக விட்டாரா? அந்தப் பாரத்துக்கு அடியில் என் தலையும்தான் இருந்தது. நான் விட்டு வந்த பிறகும் ஆறு வருஷம் ஏன் அப்படியே வைத்துக் கட்டினார்? என் நினைவுக்கா? சோம்பலுக்கா?

என்ஜினை உள்ளே இறக்கின பிறகு நான் அவரிடம் கேட்கப் போகிறேன். வாய் வராவிட்டால் புருவம் போதும். கேட்கும்போது நீ பக்கத்தில் நிற்கக் கூடாது. வெல்டரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் நில். வண்டியை நீ எடுத்துக்கொள். என் பாதியையும் எடுத்துக்கொள். அந்த ஒரு பதில் மட்டும் எனக்கு வேண்டும். அது என்ன என்று நீ பிறகு என்னிடம் கேட்கக் கூடாது. அவரிடமும் கேட்கக் கூடாது.


ஜூன் 30

அக்காவுக்கு,

நேற்று வண்டி அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. வெல்டர்தான் ஓட்டினார். அண்ணன் வெளியே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுதா, இல்ல தள்ளிட்டு வந்தீங்களா?" என்றான். அவன் காதுக்கு நேராக ஹாரனை அடித்தார் வெல்டர். இன்று காலை ஷெட்டின் முன் சுவரை இடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். அங்கே பேச முடியாததை மட்டும் இங்கே எழுதுகிறேன். புது ஸ்பிரிங் போட்டு, சம்பைத் தட்டி நிமிர்த்தி, முதலில் ஒரு பழைய கியர்பாக்ஸைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் பார்த்தீர்கள். நாக்கு ஒழுங்காக விழுந்தது. அப்படியும் என்ஜினைத் தூக்கி நிறுத்தினதும் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றினீர்கள். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. எனக்குத் தெரிகிற மாதிரி தள்ளி நின்று, மெதுவாகக் கட்டினீர்கள். சொல்லிக்கொடுத்தீர்களா, பெருமை காட்டினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

இறக்கும்போது அவர் "மூக்கத் தூக்கு" என்றார். நீங்கள் முன்னால் நின்று தூக்கினீர்கள். "மெல்ல" என்றார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல விட்டேன். ஒரு சொல் உங்களுக்கு, ஒரு சொல் எனக்கு. துவாரம் நேராக வந்து போல்ட் விழுந்தபோது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனீர்கள். பாதியில் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம் நீங்கள் கேட்டுக்கொண்டபடி வெளியே போய் நின்றேன். பதினேழு நிமிஷம். வெல்டர் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அவர் கடைசியில் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். நீங்கள் வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அழுதிருந்தீர்களா, சிரித்திருந்தீர்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேட்கவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. இந்த நாலு மாதமும் நான்தான் அவருக்கு ஊட்டினேன். இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பூனைக் கொடுத்தால் தொட மாட்டார். நான் ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டைக் கொண்டுபோய் உட்கார்ந்தேன். என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டார். மேலெல்லாம் சிந்தி, முழுத் தட்டையும் தானே சாப்பிட்டு முடித்தார். நேற்றும் அப்படித்தான். இன்றும் அப்படித்தான்.

வீட்டில் எல்லோரும் என்னிடம் வந்து சந்தோஷப்படுகிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன். சாப்பாட்டு நேரம் வந்தால் தட்டை வைத்துவிட்டு, கையை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நிற்கிறேன்.

இப்படிக்கு,
சீட் தைக்கிறவள்.